பருந்துப் பொட்டலம்

“மனசு அடங்கலன்னா பறவையப் பாரு மாப்ள” என்று ஆகாசம் தன் மைத்துனனிடம் பைனாகுலரை நீட்டியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். கையில் கஞ்சிக் கிண்ணம் இல்லாமலிருந்தால் அன்றைக்கே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இடுப்பெலும்பு நொறுங்கி மல்லாந்து கிடக்கிறவனைத் திருப்பிப் படுக்கவைக்க ஒரு கை கொடுத்தது கிடையாது. உபதேசத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

ஆகாசம் என்பது பட்டப்பெயர். தெருவுக்கு எதிரே எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடியில் டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் ஏணி ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவார். தரையில் எல்லாரும் மண்ணும் சிமெண்டும் தின்றுகொண்டிருக்க, இவர் மட்டும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கீழே நின்று சைகை காட்டுகிற சிக்னல்காரன்தான் மைத்துனன். எந்நேரமும் கழுத்தில் ஊதல் தொங்குவதால் அவனை விசில் என்பார்கள். அவன் அக்கா ஆகாசத்தின் மனைவி, கோழிக்கடையில் கறி வெட்டுகிறவள். கம்பெனி பிடித்துக் கொடுத்த மூன்றாம் மாடி வீட்டில் இந்த மூவரும், பள்ளிக்கூடம் போகிற ஆகாசத்தின் பெண்ணும். நேர் கீழ் வீட்டில் நானும் என் தையல் மெஷினும்.

விசில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே அக்காக்காரி என் வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, நான் கடைக்குப் போனா பகல்ல அவனுக்கு ஆள் இல்ல. ஒரு வாய் கஞ்சி மட்டும் குடுத்திருங்க. மத்தத நான் வந்து பாத்துக்கறேன்.”

“நான் மட்டும் என்ன சும்மாவாம்மா உக்காந்திருக்கேன்? பள்ளிக்கூட யூனிபார்ம் மலை மாதிரி கெடக்கு” என்றேன். சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தேனா? இல்லை. என் வாய்தான் அப்படி. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை படியேறினேன். கையில் தைக்கிற துணியையும் எடுத்துப்போய் அவன் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டன் தைப்பேன். கண்ணாடி போட்டாலும் எனக்கு ஊசிக் காது தெரியாது. அவன்தான் படுத்தபடியே வரிசையாக ஊசி கோத்துத் தலையணை ஓரத்தில் குத்தி வைப்பான். “நீங்க கஞ்சி குடுங்க, நான் நூல் குடுக்கறேன், கணக்கு சரியாப்போச்சு” என்பான். நல்ல பிள்ளை. அப்போதும் சிரிக்கத் தெரிந்திருந்தது அவனுக்கு.

விபத்து நடந்தது மழை தொடங்குவதற்கு முந்தின வாரம், டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். லாரியிலிருந்து தூக்கிய கம்பிக்கட்டைக் கம்பி வளைக்கிற இடத்தில் இறக்க வேண்டும். கட்டு பாதி உயரத்துக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கம்பி கட்டுகிறவர் ஒருவர், கைதவறி விழுந்த, கம்பி முறுக்குகிற கொறட்டை எடுக்கக் குனிந்தார். கட்டு நிற்கவில்லை. வந்து அவர்மேல் அப்படியே உட்கார்ந்தது. கட்டு அவிழ்ந்து உருண்ட கம்பிகள் விசிலின் இடுப்பில் ஏறின. அவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். இவன் பிழைத்தான்.

கிரேன் வேலையில் மேலே இருக்கிறவன் தன் யோசனைப்படி எதுவும் செய்யக்கூடாது. கீழே இருக்கிறவன் கை சொல்வதுதான் சட்டம். கை தெரியாவிட்டால் லீவரை விட்டுவிட்டால் போதும், கொக்கி இருந்த இடத்தில் நின்றுவிடும். வாக்கிடாக்கி என்று ஒன்று இருந்தது, பேட்டரி செத்து ஆபீஸ் அலமாரியில் கிடந்தது. விசாரணைக்கு வந்தவர்களிடம் ஆகாசம் ஒரே வரிதான் சொன்னாராம். “எறக்குன்னு கை காட்டினான், எறக்கினேன்.” இத்தனை வருஷத்தில் ஒரு செங்கல்லைக்கூடக் கீழே போடாத மனிதர். எல்லாரும் நம்பினார்கள். விசில் அப்போது நினைவில்லாமல் கிடந்தான். கண் விழித்தபோது தீர்ப்பு முடிந்திருந்தது. அடிபடுவதற்கு முந்தின நேரம் முழுவதும் அவன் தலையிலிருந்து சுத்தமாக அழிந்துபோயிருந்தது.

அதிலிருந்து அவனுக்குக் கைதான் எதிரி. கஞ்சி குடித்ததும் இரண்டு கையையும் கூரைப்பக்கம் தூக்கிவிடுவான்.

“டெய்லரம்மா, இங்க பாருங்க. வெரலக் கீழ நீட்டிச் சுத்தினா எறக்கு. உள்ளங்கையக் கீழ வச்சு இப்பிடி வீசினா நிறுத்து. ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கு?”

“நெறையத்தான் இருக்கு.”

“மேல இருந்து பாத்தா?”

“நான் என்னத்தக் கண்டேன்? நான் என்ன கிரேன்லயா உக்காந்து தைக்கறேன்?”

“வீசறப்ப ஒரு வெரல் மட்டும் கீழ பாத்து நின்னிருந்தா? எனக்கு இந்த வெரல் முழுசா நிமிராது, சின்ன வயசுலயே கதவுல நசுங்கினது. அது கீழ தொங்கியிருந்தா எறக்குன்னுதான தெரியும்?”

“சும்மா இருடா. கண்டதையும் நெனச்சுக் கொழப்பிக்காத.”

“நான்தான் கொன்னிருக்கேன் டெய்லரம்மா. இந்த வெரலுதான்.”

அந்த விரலை இன்னொரு கையால் பின்பக்கமாக வளைப்பான், வலி தாங்காமல் கண்ணில் நீர் முட்டும்வரைக்கும். நான் தட்டிவிட்டுத் திட்டுவேன். ஒருநாள், செத்தவரின் மனைவி கைக்குழந்தையோடு வந்து தெருவில் நின்றாள். கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. மூன்றாம் மாடி ஜன்னலையே அண்ணாந்து பார்த்தபடி தூறலில் நின்றாள். குழந்தை நனைகிறதே என்று நான் ஒரு துணியை எடுத்துப்போனேன். வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டாள். மேலே ஏறிப்போய்ப் பார்த்தால் இவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கிறான்.

“வந்தாங்கல்ல?”

“யாரு?”

“பொய் சொல்லாதீங்க. தெரியும். என்னையத்தான பாத்தாங்க?”

அந்த நிலைமையில்தான் ஆகாசம் பைனாகுலரைக் கொண்டுவந்து கொடுத்தார். கறுத்துப்போன பழைய சாமான், கழுத்துவார் அறுந்து கம்பியால் முடிச்சுப் போட்டிருந்தது. கிரேன் கூண்டில் அத்தனை வருஷமாக அவருடைய துணை அதுதானாம். கட்டிலை அவரே ஜன்னலோரம் இழுத்துப் போட்டார். ஜன்னல் தாழ்வானது, படுத்தபடியே எல்லாம் தெரியும். நேரே தெரு, தெருவுக்கு அப்பால் தகரவேலி, வேலிக்குள்ளே வேலை நடக்கிற மைதானம். மைதானத்து மூலையில் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று தூண்களின்மேல் நின்றது. அதன் தலையில், எங்கள் பக்கமாகச் சரிந்தாற்போல ஒரு பருந்துக் கூடு. கிரேன் கூண்டும் கூடும் ஏறக்குறைய ஒரே உயரம்.

“பறவைய மட்டும் பாக்காத மாப்ள” என்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஆரம்பித்தார். குரலை நன்றாகத் தாழ்த்திக்கொள்வார், கேட்கிறவர்கள் காதைக் கொண்டுபோக வேண்டும். “அதப் பாக்கறப்ப உன் மனசு எங்க ஓடுதுன்னு பாரு. அது எங்க ஓடுதோ அங்கதான் நீ இருக்க. மேல உக்காந்து நான் அப்பிடித்தான் என்னைய பாத்துக்கிட்டேன். எவ்வளவோ கோவம், எவ்வளவோ ஆசை, எல்லாம் அடங்கிருச்சு. பருந்து என்ன செஞ்சோம்னு நெனச்சு அழுவுதா? இல்லல்ல? அது இப்ப இருக்குது. அவ்வளவுதான்.”

“அது ஆளக் கொல்லலயே மாமா” என்றான் விசில்.

ஆகாசம் அவன் தலையைத் தடவிக்கொடுத்தார். “பாரு மாப்ள. பாக்கப் பாக்க எல்லாம் தெளியும்” என்று எழுந்து போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டான். முதலில் கை நடுங்கியது, வட்டத்துக்குள் எதுவுமே நிற்கவில்லை. போகப்போக முழங்கைக்கு இரண்டு தலையணையை முட்டுக்கொடுத்து அசையாமல் பிடிக்கக் கற்றுக்கொண்டான். தகரவேலியில் உட்காரும் மைனா, சேற்றில் புழு பொறுக்கும் கொக்கு, கம்பியில் வரிசையாக நனையும் புறா எல்லாம் அவன் கணக்கில் வந்தன. நான் பட்டன் தைப்பேன், அவன் செய்தி வாசிப்பான்.

“மைனாக்கு ஒரு கால் இல்ல டெய்லரம்மா. அதுபாட்டுக்கு நொண்டிக்கிட்டுச் சண்டைக்குப் போவுது.”

“உன்னைய மாதிரி படுத்துக்கிட்டு வெரல முறிக்கலல்ல?”

சிரித்தான். அன்றைக்கு முழுக்க விரல் பக்கம் போகவில்லை. சரி, கிரேன்காரர் சொன்னதிலும் ஏதோ இருக்கிறது போல என்று நானே நினைக்கத் தொடங்கினேன். மழைக்காலம் முழுவதும் வானம் சாம்பல் பூத்தே கிடந்தது, அறைக்குள் ஈரத்துணி வாடை போகவில்லை, அவன் முதுகில் புண் வந்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு அவன் பார்த்தான்.

ஒருநாள் நான் நுழையும்போதே, “மொதல்ல நான் என்ன பாக்கணும்னு நெனச்சேனோ அதத்தான் பாத்திருக்கேன் டெய்லரம்மா” என்றான்.

“புரியறாப்ல சொல்லு.”

“பருந்து குஞ்சுக்கு ஊட்டுதுன்னு பாத்தேன்ல? இல்ல. ரெண்டு குஞ்சுல பெரிசுக்கு மட்டுந்தான் ஊட்டுது. சின்னது வாயத் தொறந்தா பெரிசு அது தலையில கொத்துது. தாய் பக்கத்துலயே நிக்குது, பாத்துக்கிட்டு நிக்குது. தடுக்கவே இல்ல. இத்தன நாளும் இது நடந்திருக்கு. நான்தான் பாசமா இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டுப் பாத்திருக்கேன்.”

“அய்யோ. சின்னது என்னாச்சு?”

“காலைல அசையல. பெரிசு அதுமேல ஏறி நிக்குது.”

சாயங்காலம் இதை ஆகாசத்திடமும் சொல்லியிருக்கிறான். அதுதான் இயற்கை, அதில் குத்தம் சொல்ல ஒன்றுமில்லை என்றாராம் அவர்.

இந்த இடத்தில் பொட்டலத்தைச் சொல்ல வேண்டும். தினமும் காலையில் அக்காக்காரி படியிறங்கி வந்து புருஷனிடம் சாப்பாட்டு டப்பாவைக் கொடுப்பாள். டப்பாவின் தலையில் கறுப்பு பிளாஸ்டிக் பையில் முடிச்சுப்போட்ட சின்னப் பொட்டலம் ஒன்றிருக்கும். கோழிக்கடையில் கழித்த குடல், தோல், ஈரல் துண்டு. விபத்துக்கு முந்தியும் பார்த்திருக்கிறேன், பிந்தியும் பார்த்தேன். “யாருக்கும்மா இது?” என்று ஒரு தடவை கேட்டேன். “சைட்டுல நாய் ஒண்ணு இருக்குக்கா” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். நாய்க்கு வந்த யோகம் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு மழை விட்டிருந்தது, மேகம் விடவில்லை. டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். மைதானத்தில் விசிலுக்குப் பதிலாக வந்த சிக்னல்காரர், கொஞ்சம் வயதான ஆள், சட்டைக்குமேல் பச்சை உடுப்போடு நின்றார், கழுத்தில் ஊதல் இல்லை. கிரேன் கொக்கியில் இரும்புத் தகடுகள் அடுக்காகத் தொங்கி இறங்கிக்கொண்டிருந்தன.

“தாய் கெளம்பிருச்சு” என்றான் விசில், பைனாகுலரில் கண்ணை வைத்தபடி. “எர தேடப் போவுது... இல்ல, அந்தப் பக்கம் போவல. இங்கிட்டுத் திரும்புது. கிரேன் பக்கமா வட்டம் போடுது.”

“கஞ்சி ஆறிப்போச்சு, குடி.”

“இருங்க. கீழ வருது. கூண்டுக்கிட்ட...”

நான் வெறும் கண்ணாலேயே பார்த்தேன். கிரேன் கூண்டின் பக்கவாட்டுக் கண்ணாடி திறந்திருந்தது. அதிலிருந்து ஒரு கை முழங்கைவரை வெளியே நீண்டிருந்தது. கை எதையோ வீசியது. பருந்து காற்றிலேயே சாய்ந்து அதைப் பிடித்தது. கை உள்ளே போய் மறுபடி நீண்டது. கூண்டுக்குள் இருந்த தலை கீழே பார்க்கவில்லை, பருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு கை லீவரை விட்டிருக்காது, தகடுகள் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தன.

விசில் பைனாகுலரைச் சடாரென்று கீழே திருப்பினான். கீழே அந்த சிக்னல்காரர் இரண்டு உள்ளங்கையையும் தரைப்பக்கம் வைத்து நிறுத்து நிறுத்தென்று வீசிக்கொண்டிருந்தார். தகடு இறங்கும் இடத்தில் இரண்டு பேர் முதுகைக் காட்டிக் கட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். விசில் தலையணைக்கு அடியில் கையை விட்டான். ஊதலை எடுத்தான். படுத்த படுக்கையில் கிடக்கிறவனுக்கு அவ்வளவு மூச்சு எங்கிருந்து வந்தது? ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் கையிலிருந்த கிண்ணம் கீழே போயிற்று. மைதானத்தில் குனிந்திருந்த இருவரும் என்ன ஏதென்று பார்க்காமலே இரண்டு பக்கமும் பாய்ந்தார்கள். தகடுகள் அவர்கள் நின்ற இடத்தில் இடி மாதிரி உட்கார்ந்தன. அதற்குப் பிறகுதான் கை கூண்டுக்குள் போனது.

தரையெல்லாம் கஞ்சி. யாரும் துடைக்கவில்லை. விசில் தன் கையைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாத்தீங்கள்ல டெய்லரம்மா?”

“பாத்தேன்டா.”

“அன்னிக்கும் இதே நேரந்தான்.”

“தெரியுதுடா கண்ணா, தெரியுது.”

“என் கை நிறுத்துன்னுதான் சொல்லிருக்கும். சொல்லிருக்கும்ல? நான் கொல்லல. நான் கொல்லலல்ல?” என்று அழ ஆரம்பித்தான். சந்தோஷத்தில் ஒருவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன், மூக்கைச் சிந்தி பள்ளிக்கூட யூனிபார்மிலேயே துடைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் நான் கீழே இறங்கவில்லை. இன்றைக்கு இதைக் கேட்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்திருந்தேன். ஆகாசம் வந்தார். செருப்பைக் கழற்றினார், கால் கழுவினார், முகம் கழுவினார். எல்லாம் வழக்கம்போல நிதானமாகத்தான். கட்டில் பக்கம் வந்து, “பயந்துட்டியா மாப்ள? வெயிலு கண்ணுல அடிச்சிருச்சு, சிக்னல் தெரியல” என்றார்.

“இன்னிக்கு வெயிலு எங்க அடிச்சுது? எனக்குத் துணிகூடக் காயலயே” என்றேன் நான்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“மாமா” என்றான் விசில். “அன்னிக்கும் பருந்துக்குப் போட்டுக்கிட்டுதான் இருந்தீங்களா?”

ஆகாசம் தரையில் உட்கார்ந்து மதியம் திறக்காத டப்பாவைத் திறந்தார். சோறு, முட்டை. உருட்டி வாயில் வைத்தார். அந்த நேரத்தில் அக்காக்காரி கோழிக்கடை வாடையோடு உள்ளே வந்தாள். சைட்டில் நடந்தது தெருவெல்லாம் பரவியிருக்கும், அவள் முகத்திலேயே தெரிந்தது.

“அக்கா, நான் இல்லக்கா. என் கை சரியாத்தான் காட்டிருக்கு. மாமா அன்னிக்கு வெளிய பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. பருந்துக்கு...”

“தெரியும்” என்றாள்.

“தெரியுமா?”

“அன்னிக்கும் நான்தான்டா பொட்டலம் கட்டிக் குடுத்தேன். அன்னிக்குச் சாயங்காலமே எங்கிட்டச் சொல்லிட்டாரு. சொல்லி அழுதாரு.”

அறையில் ஆகாசம் சோறு மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. விசில் அக்காவையே பார்த்தான்.

“நான் ஒரு மனுஷனக் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டு கெடக்கறேன்க்கா. நீ தெனமும் எனக்குத் தலை சீவி விட்ட. ஒரு வார்த்த சொல்லலயே.”

“சொல்லி? இந்த ஆளக் கொண்டுபோயி உள்ள வச்சிருவாங்க. வீடு கம்பெனி வீடு, மறுநாளே சாமானத் தூக்கித் தெருவுல போடுவான். எம்பொண்ணு எங்க போவா? நீ எங்க போவ? உன்னைய யாரு கழுவி விடுவா, கடைக்காரனா? நீ ஏற்கெனவே விழுந்துட்ட. விழுந்தவன் மேல இன்னுங் கொஞ்சம் மண்ணு விழுந்தா என்ன ஆயிரப்போவுது?”

“ஏம்மா, இது நீ பேசற பேச்சா? கூடப் பொறந்தவன்ம்மா!” என்று நான் கத்திவிட்டேன்.

“நீங்க கஞ்சி குடுத்தீங்க. புண்ணியமாப் போவும். இதுல வராதீங்கக்கா.”

“அவன் தெனமும் வெரல முறிச்சுக்கறான், அதாவது தெரியுமா உனக்கு?”

“தெரியும். பாத்திருக்கேன்” என்றாள். குரல் உடைந்ததா என்று கவனித்தேன். உடையவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தம்பியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “இத்தன நாளு அப்பிடித்தான நெனச்சுக்கிட்டு இருந்த? அப்பிடியே நெனச்சுக்கோ. பழகிருச்சுல்ல.”

ஆகாசம் தட்டைக் கழுவ எழுந்தார். போகிற போக்கில், “நாளைக்கு இஞ்சினியர் வருவாரு மாப்ள, ஊதினது யாருன்னு கேட்டாரு” என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. பறவை, மனசு, ஒன்றையும் காணோம்.

மறுநாள் காலையிலேயே இஞ்சினியர் வந்தார். சின்ன வயசு, தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அறை வாசலில் நின்றார். மருந்து வாடைக்கு மூக்கைச் சுளித்தார். ஆகாசம் சுவரோரம் கை கட்டி நின்றார். அக்காக்காரி கட்டில் தலைமாட்டில் நின்றாள். நானும் நின்றேன். யார் போகச் சொன்னாலும் போவதாக இல்லை.

“நேத்து நீதான் ஊதினியா?”

“ஆமா சார்.”

“ஏன் ஊதின? நிறுத்துன்னு காட்டினேங்கறாரு சிக்னல்காரரு, தெரியலங்கறாரு உங்க மாமா. நீ என்ன பாத்த?”

விசில் அக்காவை அண்ணாந்து பார்த்தான். அவள் அவன் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

“பருந்தப் பாத்துக்கிட்டு இருந்தேன் சார். குஞ்சு ஒண்ணு கூட்டுலேர்ந்து விழுந்துச்சு. பதறிப்போயி ஊதிட்டேன்.”

எனக்குத் தாங்கவில்லை. “பொய் சார்! கிரேன்காரரு கை வெளியில இருந்துச்சு. பருந்துக்குத் தீனி போட்டுக்கிட்டு இருந்தாரு. நான் இதே ஜன்னல்ல நின்னு பாத்தேன். கீழ நிறுத்து நிறுத்துன்னு காட்டறாங்க, இவரு குனிஞ்சே பாக்கல.”

இஞ்சினியர் என்னைப் பார்த்தார். “நீங்க யாரு?”

“கீழ் வீட்டு டெய்லர்.”

“அவங்களுக்குக் கண்ணு தெரியாது சார்” என்றான் விசில். என் பக்கம் திரும்பாமல் சொன்னான். “ஊசி கோக்கவே தெரியாது. நான்தான் கோத்துக் குடுப்பேன். இந்தா பாருங்க” என்று தலையணை ஓரத்தைக் காட்டினான். நூலோடு ஊசிகள் வரிசையாக நின்றன.

“டேய், கிட்டத்துலதான்டா தெரியாது, எட்டத்துல எனக்கு நல்லாவே...”

இஞ்சினியர் சிரித்துவிட்டார். அவருக்கும் ஒரு நிம்மதி போல, அந்தச் சிரிப்பில் தெரிந்தது. கிளம்பத் திரும்பியவர் வாசலில் நின்று ஏதோ நினைப்பு வந்ததுபோலக் கேட்டார்.

“அன்னிக்கு ஆக்ஸிடெண்டு நடந்தப்பவும் இப்பிடித்தான் பருந்த வேடிக்க பாத்துக்கிட்டு நின்னியா?”

நான் ஆகாசத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை. மனுஷனாகப் பிறந்தவன் அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா சார்” என்றான் விசில்.

“ஒரு உயிரு போச்சேய்யா” என்று சொல்லிவிட்டு இஞ்சினியர் படியிறங்கினார். அக்காக்காரியின் கை தம்பியின் தலையில் அப்போதுதான் நின்றது.

நான் யாரோடும் பேசாமல் கீழே வந்தேன். கொஞ்ச நேரத்தில் ஆகாசம் படியிறங்கி வேலைக்குப் போனார். பின்னாலேயே அவள் ஓடிவந்து, மறந்து விட்டுப்போன டப்பாவை அவர் கையில் கொடுத்தாள். டப்பாவின் தலையில் கறுப்புப் பொட்டலம் இருந்தது. அவர் அதை எடுத்துத் திருப்பித் தரவுமில்லை, அவள் அவிழ்த்து எறியவுமில்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

அவள் மேலே போன பிறகு கட்டிலை இழுக்கிற சத்தம் என் தலைக்குமேல் கேட்டது. ஜன்னலோரத்திலிருந்து உள்சுவர்ப் பக்கமாக, நின்று நின்று, ஒற்றை ஆளாக இழுத்தாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண் ஒரு காகிதத்தில் எதையோ சுற்றிக்கொண்டு வந்து, “மாமா குடுக்கச் சொன்னாரு” என்று என் மெஷின்மேல் வைத்துவிட்டு ஓடினாள். பிரித்தேன். கோத்த ஊசிகள்.

நூலையெல்லாம் உருவிப்போட்டேன். ஒரு ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நூலை எச்சிலில் நனைத்து நானே கோக்கப் பார்த்தேன். ஏறவில்லை. மறுபடி நனைத்தேன், மறுபடியும் ஏறவில்லை. அன்றைக்குக் கொடுக்க வேண்டிய யூனிபார்ம் எதையும் கொடுக்க முடியாமல், விளக்கு வைக்கிற நேரம்வரை கோத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.